கெட்டுப்போவதற்கு இங்கிலீஷில் எத்தனை சொல்

ஆரணியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன் நான். பகலில் ஒரு பள்ளிக்கூடம். சாயங்காலம் ஒரு செருப்புக் கடையின் மாடியில் பேச்சு ஆங்கில வகுப்பு. செய்யார் ஷூ கம்பெனிகளில் ஷிப்டு முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, யூனிபார்மோடு வந்து உட்காருகிறவர்கள்தான் அங்கே மாணவர்கள். அவர்கள் வேலை செய்யும் இடத்தில் பேசவேண்டிய இங்கிலீஷில் முக்கால்வாசி ஏதோ ஒன்று கெட்டுப்போனதைப் பற்றியதாகவே இருக்கும். மெஷின் நின்றுவிட்டது, தோல் கிழிந்துவிட்டது, பசை காய்ந்துவிட்டது. எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது எந்த மேலாளரும் யாரிடமும் இங்கிலீஷ் பேசுவதில்லை. அதனால் நான் அக்கறையாக நடத்திய ஒரே பாடம், கெடுதல், சிதைதல், அழிதல் பற்றிய வினைச்சொற்கள்.

இந்த விஷயத்தில் இங்கிலீஷ்காரன் பெரிய பணக்காரன். தமிழில் சொல் இல்லை என்றில்லை. எழுத்தில் ஏராளம் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சில் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: பூட்ச்சு. பாலும் பூட்ச்சு, பஸ்ஸும் பூட்ச்சு, கரண்டும் பூட்ச்சு, பெரியப்பாவும் பூட்டாரு. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை இழப்பையும் சமாளித்துவிடுகிறோம். இங்கிலீஷில் அது முடியாது. அங்கே ஒன்று கெட்டுப்போனால் விசாரணை உண்டு. யார் செய்தது, வேண்டுமென்று செய்ததா, திரும்பச் சரிசெய்ய முடியுமா என்று மூன்று கேள்வி கேட்டு, பதிலைப் பொறுத்துச் சொல்லை எடுக்கவேண்டும். சரிசெய்யலாம், ஆனால் விலை குறையும் என்றால் டேமேஜ். பொருள் அங்கேயே இருக்கிறது, ஆனால் எதற்காக இருந்ததோ அதற்கு உதவாது என்றால் ரூயின். பிறகு தேடினாலும் பொருளே கிடைக்காது என்றால் டெஸ்ட்ராய். ஆள் வைத்து, அனுமதி வாங்கி, நகராட்சி வண்டியோடு வந்து செய்தால் டிமாலிஷ். அளவுக்கு மீறிய அன்பினால் செய்தால் ஸ்பாயில். அது பிள்ளைகளுக்கும் பாலுக்கும் நடக்கும், பாலுக்கு அன்பு தேவைப்படாது. இப்படியெல்லாம் சொல்லிச் சிரிக்கவைப்பேன். பேச்சோடு நின்றுபோன என்னுடைய ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். தொடங்கவே தொடங்காததற்கு இங்கிலீஷிலும் சொல் இல்லை என்றேன்.

என் அக்காவின் வீட்டுக்காரருக்கு, நான் மாமா என்று கூப்பிடுகிறவருக்கு, இந்தப் பாடம் தெரியும். வகுப்புக்குப் போகிற வழியில்தான் அவர்கள் வீடு. முன்னறையில் பட்டுத்தறி. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தபடியே கேட்பார்.

"இன்னா வாத்தியாரே, இன்னிக்கு இன்னாத்த ஒடைக்கப் போற?"

"இன்னிக்கு ஷேட்டர் மாமா. கண்ணாடி மாதிரி தூள்தூளாப் போறது."

"அத்தயும் காசு குடுத்துக் கத்துக்கிறானுங்க பாரு," என்று அக்காவிடம் சொல்வார். அக்கா அவருக்கு வலது பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். "நம்மூட்ல ஓசியிலயே நடக்குது," என்பாள்.

அவள் ஏன் வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் நெய்வது கோர்வைச் சேலை. சேலையின் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா உடம்புக்கு ஒன்று, கரைக்கு ஒன்று ஓடும். இரண்டு நூலும் சந்திக்கிற இடத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் உடம்பும் கரையும் தனித்தனியாகக் கழன்றுவரும். இதற்கு ஓர் ஆள் போதாது. நெய்கிறவர் நடுவில் உட்கார்ந்து மிதியை மிதித்து நாடாவை விடுவார். அவருக்கு வலப்புறம் இன்னொருவர் உட்கார்ந்து வலது கரையின் நாடாவைப் போட்டு வாங்குவார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த இடம் அக்காவுடையது. தறிக்கு முன்னால் உலகத்தின் வலது பாதி முழுக்க அவள் பொறுப்பு. அறுந்த இழை, சுருண்டுகொண்ட ஜரிகை, உள்ளே நுழைகிற பூனை, வாசலில் வந்து நிற்கிற ஆள், எல்லாவற்றையும் அவள் வாய் சொல்லிக்கொண்டே இருக்கும். மாமா அந்தப் பக்கம் திரும்பவேண்டிய தேவையே கிடையாது. மாமாவின் கண்ணுக்கு வந்த வியாதி இந்த ஏற்பாட்டுக்குள்தான் குடியேறியது. ஊரில் எங்கே தேடியிருந்தாலும் அதற்கு இவ்வளவு வசதியான வீடு கிடைத்திருக்காது.

முதலில் தெருவில்தான் தெரிந்தது. அப்போது யாருக்கும் அது கண் என்று தோன்றவில்லை, குணம் என்றுதான் தோன்றியது. வலது பக்கம் நின்று வணக்கம் சொன்னவர்களுக்கு மாமா பதில் சொல்வதில்லை. அவருக்குத் தலைக்கனம் வந்துவிட்டதாகப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனையில் காணிக்கைப் பை ஆண்கள் வரிசையின் வலது கோடியிலிருந்து வரும். மாமா கையைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். பையைப் பிடித்திருக்கும் மூப்பர் கொஞ்ச நேரம் நிற்பார், கனைப்பார், பிறகு அவரைத் தாண்டிப் போவார். வீட்டுக்கு வந்து மாமா, "இந்த வாரமும் எங்கிட்ட பை நீட்டல. நம்ம பணம் இன்னா செல்லாத பணமா?" என்று பேஜாராகிக் கத்துவார். மூப்பர் தரப்பில் இதே கதையை வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தியிருக்கும் வண்டிகளின் கண்ணாடியில் தோள் இடிக்கும். "எவன்டா வண்டிய இங்க நிறுத்தனது?" அவர் கணக்குப்படி ஊர் மொத்தமும் ஒழுங்கு கெட்டுப்போய்க்கொண்டிருந்தது, அதிலும் சோற்றுக்கைப் பக்கம் மிக மோசம்.

படிக்கிற கண்ணாடி மாற்றப் போன இடத்தில், கண்ணுக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கிறது என்று சொல்லி ஒரு சின்னக் கண் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அந்த அழுத்தம் கண்ணின் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும் என்றும், தின்றது போனதுதான் என்றும், எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்து மிச்சத்தைக் காப்பாற்றவேண்டும் என்றும் அங்கே விளக்கினார்கள். அதற்கு ஒரு மெஷின். வெள்ளைக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து நிறுத்தியதுபோல இருக்கும். அதற்குள் முகத்தை வைத்து நடுவில் ஒரே புள்ளியைப் பார்க்கவேண்டும். அங்கங்கே சின்னச் சின்ன வெளிச்சம் வந்து போகும். வெளிச்சம் தெரிகிறபோதெல்லாம் கையில் இருக்கிற பட்டனை அமுக்கவேண்டும்.

மாமா பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி மலர்ந்த முகத்தோடு வெளியே வந்தார். மெஷின் பார்த்த பெண்ணும், "ஐயா சும்மா அமுக்கிகினே இருந்தாரு, ஒண்ணுகூட விடல," என்றாள். டாக்டர் தாளைப் பார்த்தார். பார்வை நன்றாகத்தான் தெரிகிறது, ஆனால் இந்தச் சோதனையை முழுசாக நம்பமுடியாது என்று மெஷினே சொல்கிறது, சொட்டு மருந்து போடுங்கள், ஆறு மாதம் கழித்துத் திரும்ப எடுப்போம் என்றார். அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அக்கா கேசரி கிளறினாள். மாமா தெரு முழுக்க, "கண்ணு பாஸ் ஆயிட்ச்சு," என்று சொல்லிக்கொண்டு போனார். வலது பக்கத்து வீடுகளுக்கு மட்டும் சொல்லவில்லை. சொட்டு மருந்து ஒரு பாட்டில் தீருகிறவரைக்கும் போட்டார். பாஸான பிறகு யார் புத்தகத்தைத் திறப்பது?

ஆறு மாதம் என்பது ஒரு வருஷத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது. ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். கல்யாண சீசன், மழை, சபைப் பண்டிகை. அந்த நாளெல்லாம் மாமாவின் கண்ணில் மிச்சம் இருந்த பார்வைதான் கேட்பாரில்லாமல் கரைந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிதாக எதுவும் பணயத்தில் இல்லை, அது பணயத்தில் இருப்பது மட்டும் எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

தெரியவந்தது படவேட்டில் எங்கள் அத்தை விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதால். அக்கா அங்கே போய்க் கொஞ்ச நாள் இருக்கவேண்டி வந்தது. தறி நிற்கக்கூடாது என்று பக்கத்து வீட்டு அம்மாவை அவள் இடத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனாள். நெசவில் கை சுத்தம். ஒரே குறை, அடுத்த வீட்டு ஆண்பிள்ளையோடு சத்தமாகப் பேசக் கூச்சப்படுகிறவர். வலப்புறம் கோர்வை நூல் பிடிக்காமல் நழுவியபோது, மாமா பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார், சொல்வார் என்று அந்த அம்மா நினைத்தார். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று மாமா நினைத்தார். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த மரியாதையில் சேலை ஒரு முழத்துக்கு மேல் கரை சேராமல் ஓடியிருந்தது.

அக்கா திரும்பி வந்த சாயங்காலம் நானும் அங்கே இருந்தேன். அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் தறியைப் பார்த்தாள்.

"இத்தப் பாக்கலியா நீங்க?"

"எத்த?"

"இதோ. இங்க."

"எங்கம்மே?"

அவர் விளையாடுகிறார் என்று அவள் நினைத்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் இப்படித்தான் விளையாடுவார். "தோ பாருங்க, பஸ்ல நின்னுகினே வந்துருக்கேன், பேஜார் பண்ணாதீங்க," என்றாள். பிறகு அவர் கையைப் பிடித்து, உடம்புக்கும் கரைக்கும் நடுவில் திறந்திருந்த இடத்தில் விரலை நுழைத்தாள். மாமாவின் விரல் சேலையின் அந்தப் பக்கம் வெளியே வந்தது. அவர் முகத்திலிருந்த விளையாட்டு எங்கேயோ போய்விட்டது. உண்மையில் அது அங்கே இருக்கவே இல்லை.

மறுநாள் அக்கா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். "டேய், அவருக்கு சோத்துக்கைப் பக்கம் ஒலகமே இல்லடா. ராத்திரி கைய ஆட்டி ஆட்டிப் பாத்தேன். சாமி சத்தியமா இல்ல."

சேலை விஷயம் சீக்கிரம் முடிந்தது. பட்டும் கூலியும் கொடுக்கிற முதலாளி வீட்டில் ட்யூப்லைட்டுக்குக் கீழே விரித்துப் பார்த்து, டேமேஜ் என்று ஒதுக்கினார்கள். எங்கள் ஊரில் அது அவ்வளவு கேவலமான சொல் அல்ல. டேமேஜ் சேலையும் கல்யாணத்துக்குப் போகும், கெட்ட இடத்தைக் கொசுவத்துக்குள் வைத்துக் கட்டிக்கொள்வார்கள். கண்ணுக்குக் கொசுவம் கிடையாது.

வேலூரில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கேயும் அதே மாதிரி மெஷின். துணைக்கு ஒருவர் நிற்கலாம் என்றார்கள், நான் நின்றேன். விளக்கை அணைத்தார்கள். மெஷின் உறுமியது. பட்டன் சத்தம் கேட்க ஆரம்பித்தது. டிக், டிக், டிக். நன்றாகத்தான் போகிறது என்று எனக்கே நம்பிக்கை வந்தது. அப்புறம் கீழே பார்த்தேன். இருட்டில் மாமாவின் கால் அசைந்துகொண்டிருந்தது. வலது கால் ஒரு மிதி, பட்டன். இடது கால் ஒரு மிதி, பட்டன்.

இங்கே மெஷின் பார்த்த பெண்ணும் கவனித்துவிட்டாள். "ஐயா, லைட்டப் பாத்தா மட்டும் அமுக்கணும்."

"பாத்துதாம்மா அமுக்கறேன்."

"இப்ப லைட்டே வரலியே. அமுக்கிட்டீங்களே."

"வரும்மா. வர நேரம் ஆயிட்ச்சு."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். வெளிச்சம் வந்து போகிற வேகம் நாடா போய் வருகிற வேகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மாமாவின் கை அத்தனை வருஷமாக எதற்கும் காத்திருந்து பழகியதில்லை. ஆரணி கிளினிக்கில் பாஸானது கண் அல்ல, தாளம் என்று அப்போது எனக்கு உறைத்தது. என் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் நாற்காலியை உயர்த்தினாள். கால் தரையைத் தொடாமல் தொங்கியது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை டிக் ஒன்று வந்து, ரொம்ப நேரம் ஒன்றும் வராது. பிறகு ஒன்று. மெஷின் மட்டும் நிற்காமல் ஏதோ காட்டிக்கொண்டே இருந்தது. இங்கிலீஷ் பரீட்சையில் கேள்வித்தாளை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் பையன்களுக்கு நடுவில் நான் எத்தனையோ முறை உலாத்தியிருக்கிறேன். அப்போதெல்லாம் இவ்வளவு பயமாக இருந்ததில்லை.

டாக்டர் தாளை மேஜையில் வைத்தார். கறுப்பாக இருக்கிற இடமெல்லாம் பார்வை போன இடம் என்றார். வெள்ளை இருக்கிற இடத்தைக் காட்டுவதற்கு அவருக்குப் பேனா முனை போதுமாக இருந்தது. "ரைட் ஐ ஆல்மோஸ்ட் டெஸ்ட்ராய்ட். லெஃப்ட்ல சிவியர் டேமேஜ்."

மனுஷனின் புத்தி எந்த நேரத்தில் எங்கே போகும் என்று சொல்லமுடியாது. என் புத்தி சொல்லின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு கண்ணுக்கு ஒரு சொல், இன்னொரு கண்ணுக்கு இன்னொரு சொல். முதல் சொல்லில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் செய்த ஆள் யார் என்று அந்தச் சொல் கேட்கும், அப்படி ஒரு ஆள் இங்கே கிடையாது. யார் அழித்தது? ஒருவரும் இல்லை. இரண்டாவது சொல்லில்தான் ஆசை வந்தது.

"சார், டேமேஜ்னா சரிபண்ணலாம்னு ஒரு அர்த்தம் வருதுங்களே," என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன பண்றீங்க?"

"இங்கிலீஷ் வாத்தியாருங்க."

"சரிபண்ண முடியாதுங்க. நரம்பு திரும்ப வளராது. வேற வார்த்தை இருந்தாச் சொல்லுங்க, அதையே எழுதிக்கிறேன்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். வேறு சொல் எனக்குத் தெரியும். பல வருஷமாகக் காசு வாங்கிக்கொண்டு டேமேஜுக்கு அடுத்ததாகச் சொல்லிக்கொடுத்த சொல்தான். ஆனால் மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவருக்குக் காது இரண்டும் நன்றாக இருந்தது. "இல்லீங்க, டேமேஜே இருக்கட்டும்," என்றேன்.

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாடா சொல்றாரு?"

"போனது வராதாம். இருக்கறத புடிச்சி வைக்கப் பாக்கலாமாம். மருந்து உடணும். தேவப்பட்டா ஆபரேஷன்."

மாமா அதுவரைக்கும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு எவ்வளவு தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. "இருக்கறது எவ்ளோ நாளு இருக்குங்க?" என்று நேராக டாக்டரையே கேட்டார்.

"நல்லாப் பாத்துக்கிட்டா இருக்கும்," என்றார் டாக்டர். தமிழிலும் சில சொற்கள் இப்படித்தான், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றும் கையில் விழாது.

பஸ்ஸில் மாமா ஜன்னலோரம், அக்கா அவருக்கு வலப்புறம், நான் பின்சீட்டில். கண்ணமங்கலம் தாண்டியதும் அக்கா திரும்பாமலே சொன்னாள். "நான்தான்டா கெடுத்தேன்."

"நீ இன்னா பண்ண?"

"எல்லாத்தயும் நானே பாத்து நானே சொல்லிகினு இருந்தேனே. பூனை வந்தாக்கூட நான்தான் சொன்னேன். அவரு எதுக்குத் திரும்புவாரு?"

"நீ வாய மூடிகினு இருந்திருந்தா எப்பவோ தெரிஞ்சிருக்கும்," என்றார் மாமா. "கல்யாணம் ஆன நாளா அத்தத்தான் சொல்லிகினு இருக்கேன்."

அவர் தமாஷுக்குத்தான் சொன்னார். அதில் தப்பாக ஒரு வார்த்தை இல்லாததால் யாராலும் சிரிக்க முடியவில்லை. கண் தானாகக் கெட்டது, யாரும் கெடுக்கவில்லை என்று நான் அக்காவிடம் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். அழுத்தம், நரம்பு, பரம்பரை, வயசு என்று டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். ஒரு காரியம் நடந்தால் செய்த ஆள் வேண்டும் என்று இங்கிலீஷ்காரன் மட்டும்தான் பிடிவாதம் பிடிப்பான் என்று நினைத்திருந்தேன்.

அதற்கப்புறம் மருந்து தவறவில்லை. போனில் மணி அடிக்கும், அக்கா கையில் பாட்டிலோடு நிற்பாள், மாமா தலையை அண்ணாந்து கொடுப்பார். இடது கண்ணில் ஆபரேஷனும் நடந்தது. அழுத்தம் இறங்கிவிட்டது என்றார்கள். சில பேருக்கு அழுத்தம் இறங்கின பிறகும் நரம்பு போய்க்கொண்டே இருக்கும் என்றும், அடுத்த தடவை தாளைப் பார்த்துவிட்டு, மாமா அந்தச் சில பேரில் ஒருவர் என்றும் சொன்னார்கள். இதற்கு இங்கிலீஷில் இரோட் என்று ஒரு சொல் உண்டு. மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போவது. வகுப்பில் அதை விளக்கப் படம் போடுவேன். அந்த வருஷம் அந்தப் பாடத்தையே எடுக்கவில்லை. செய்யார் பிள்ளைகளுக்கு வாழ்த்துச் சொல்வது எப்படி என்று எடுத்தேன். ஒரு கம்பெனியிலும் உபயோகப்படாத பாடம்.

தறியில் இடம் மாற்றிக்கொள்ளலாம் என்பது அக்காவின் யோசனை. அவள் நடுவில் உட்கார்ந்தாள். மாமாவை வலது ஓரத்துக்குத் தள்ளினாள். அங்கே உட்கார்ந்தால் தறி முழுக்க அவருடைய இடது பக்கம் வரும். கண்ணில் மிச்சம் இருந்த கொஞ்சமும் அந்தப் பக்கம்தான். நான் போய்ப் பார்த்தபோது வேலை ஜரூராக நடந்துகொண்டிருந்தது.

"ஜல்தி போடுங்க," என்றாள் அக்கா.

"இன்னா அவசரம்? போளூர்ல ரயிலு புடிக்கப் போறியா?"

"நான் போட்டப்ப இப்பிடியா ஆடி அசைஞ்சு போட்டேன்?"

"நீ போட்டப்ப வாயும் சேந்து போட்டுச்சு. எனக்குக் கை மட்டும்தான்."

மழைக்காலத்தில் ஆரம்பித்து, குருத்தோலை ஞாயிறு வரைக்கும் அப்படி ஓடியது. முதலாளி வீட்டில் சேலையைப் பார்த்தவர்கள் ஒரு குறையும் சொல்லவில்லை. அந்தச் சில மாதம் மட்டும் எங்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது, அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பிறகு மாமா நாடாவைக் கொஞ்சம் தாமதமாகப் போட ஆரம்பித்தார். அப்புறம் அக்கா குரல் கொடுத்தால் போட்டார். அப்புறம் அக்கா கையை நீட்டி அவர் கையைத் திருப்பிவிட்டாள். ஒருநாள் நான் போனபோது தறியில் வேறு சேலை ஏறியிருந்தது. கரையும் உடம்பும் ஒரே நாடாவில் ஓடுகிற, ஓர் ஆளே நெய்கிற சேலை. மாமா வலது ஓரத்தில் அதே பலகையில் உட்கார்ந்திருந்தார், கை மடியில் இருந்தது.

"இன்னா மாமா, ரெஸ்டா?"

"மேற்பார்வை," என்றார்.

போன வாரம் திரும்ப வேலூர். இந்தத் தடவை மெஷினுக்கு அனுப்பவில்லை. அதற்கு வேலை இல்லை போலிருக்கிறது. டாக்டர் நேராகத் தன் கையை நீட்டி, விரலைக் காட்டி, எத்தனை என்று கேட்டார்.

"மூணு," என்றார் மாமா. மூன்றுதான்.

"இப்ப?"

"ஒண்ணு."

ஒன்றுதான். அடுத்ததும் சரி. அப்போதுதான் அக்காவைப் பார்த்தேன். மாமாவுக்குப் பின்னால், வலது தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். டாக்டர் விரலை மாற்றும்போதெல்லாம் அவள் விரல்கள் தோளில் அழுந்தின. அவள் முகம் ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டரும் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க," என்றார்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்களே."

"பரவால்லம்மா. வெளிய உக்காருங்க."

நானும் அவளோடு வெளியே வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்தோம். கதவு முழுசாகச் சாத்தவில்லை. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து உள்ளே ஒரு கீற்று தெரிந்தது, அவளுக்குச் சுவர்தான்.

"இப்ப எத்தன?" டாக்டரின் குரல்.

"ரெண்டு."

"இப்ப?"

"ரெண்டு," என்றார் மாமா.

அக்கா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "சரியாச் சொல்றாரா பாருடா," என்றாள்.

பார்த்தேன். டாக்டர் கையை இறக்கிவிட்டிருந்தார். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி என்னவோ அடித்துக்கொண்டிருந்தார். மாமா முகவாயை உயர்த்தி, அந்தக் கை எங்கே இருந்ததோ அந்தத் திசையில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மூணு," என்றார். யாரும் கேட்கவில்லை. "நாலு."

"சொல்றாரா?"

"சொல்றாருக்கா," என்றேன்.